பனிப்பெட்டியின் அடித்தட்டு

கராகஸ், 10 ஜூன் 1985

திரு. வில்சன் அர்பிசா அவர்களுக்கு,

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு எழுதுகிறேன். உங்கள் முகவரி மாறியிருக்காது என்று நம்புகிறேன். செர்ரோவில் பிறந்தவன் செர்ரோவை விட்டுப் போகமாட்டான் என்று நீங்களே சொல்வீர்கள்.

நான் 1975இல் இங்கே வந்தேன். நகரத்துக்கு மேலே, மலையில் இருக்கும் ஆய்வு நிறுவனத்தில் வேலை. ஆராய்ச்சி மாறவில்லை. செல்லுக்குள் சரக்கு எப்படி நகர்கிறது, எப்படி வெளியே கொட்டுகிறது என்பதுதான். நீங்கள் அதைச் 'சுமைதூக்கித் தொழில்' என்று கேலி செய்வீர்கள்.

நம் பழைய கட்டுரையைப் பற்றி ஒரு கேள்வி வந்திருக்கிறது. மாட்டின் அட்ரினல் சுரப்பியில் நாம் செய்தது: சுரப்பிக்கு ஒரு தூண்டல் கொடுத்தால் செல்லின் சுவரோரம் நிற்கும் பைகள் வெடித்து அட்ரினலினைக் கொட்டும். இருபது நிமிடம் கழித்து இரண்டாவது தூண்டல் கொடுத்தால், உள்ளே ஆழத்தில் இருக்கும் பைகள் சுவருக்கு வந்து சேர்ந்திருக்கும், மறுபடியும் கொட்டும். கோல்ச்சிசின் என்ற மருந்தைக் கலந்தால் இரண்டாவது தூண்டலுக்குப் பதில் வராது. ஆகவே உள்ளே தண்டவாளம் போல ஒன்று இருக்கிறது, மருந்து அதை உடைக்கிறது என்று எழுதினோம். பெல்ஜியத்தில் ஒரு ஆய்வகம் அதைத் திரும்பச் செய்து பார்த்ததாம். மருந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே பதில்தானாம். சுரப்பி எடுத்த விவரங்களைக் கேட்கிறார்கள்.

மொண்டேவீடியோவில் நம் பழைய துறையின் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்திருக்கிறேன். தேர்வுக் குழு முதலில் பார்ப்பது அந்தக் கட்டுரையைத்தான். எனவே மாடுகளின் வயது, வெட்டியதற்கும் ஆய்வகம் வந்ததற்கும் இடையிலான நேரம், பெட்டியில் பனிக்கட்டியின் அளவு, இவை உங்கள் நினைவில் இருந்தால் எழுத வேண்டுகிறேன்.

மரியாதையுடன்,
எல்பியா பெந்தன்கோர்


செர்ரோ, மொண்டேவீடியோ, 2 ஜூலை 1985

டாக்டர் பெந்தன்கோர்,

'திரு.' போட்டதற்கு நன்றி. கடைசியாக நீங்கள் என்னைத் 'திரு. அர்பிசா' என்று சொன்னது விசாரணைக் குழுவின் முன்னால். அதற்கு முன் எட்டு வருஷம் நான் வெறும் வில்சன்.

முகவரி மாறவில்லை. மனைவி டெல்மா இருக்கிறாள். என் மைத்துனன் ஒலெகாரியோ இறந்து மூன்று வருஷம் ஆகிறது. நான் குளிர்பெட்டி மோட்டார் பழுது பார்க்கிறேன். பெட்டிகளோடு பழகிய கை, வேறு எங்கே போகும்?

நீங்கள் 'நம் கட்டுரை' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் 1974இல் நூலகத்தில் பார்த்தேன். என்னை உள்ளே விட வேண்டாம் என்று எழுதி ஒட்டியிருந்தார்கள், ஆனாலும் நூலகக் காவலாளி எனக்குத் தெரிந்தவர். கட்டுரையில் என் பெயர் இல்லை. அடியில் நன்றிக் குறிப்பில்கூட இல்லை. கைதானவன் பெயர் இதழுக்கு ஆகாது போலும்.

சரி. உங்களுக்கு மறந்திருக்கலாம் என்பதால் வரிசையாகச் சொல்கிறேன். 1972 குளிர்காலத்தில் அரசாங்கம் உள்ளூரில் மாட்டிறைச்சி விற்பதைத் தடை செய்தது. இறைச்சி ஆலைகள் ஏற்றுமதிக்கு மட்டும் வெட்டின. இந்த ஊர்க்காரனை இறைச்சி இல்லாமல் நாலு மாதம் இருக்கச் சொன்னார்கள். பல்கலைக்கழக முத்திரை போட்ட நம் பனிப்பெட்டியில் மேலே சுரப்பிகள் இருந்தன, அடித்தட்டில் இறைச்சி இருந்தது. செப்டம்பர் 29, வெள்ளிக்கிழமை, நகரத்துக்குள் போகும் பாலத்துச் சோதனையில் ஒரு புதுச் சிப்பாய் அடித்தட்டைத் தூக்கிப் பார்த்தான். எனக்கு ஐந்து வாரம் சிறை. பிறகு விசாரணை. நீங்கள் சொன்னதை எழுத்தர் தட்டச்சு செய்தார், என்னிடம் நகல் இருக்கிறது: "பெட்டியில் சுரப்பிகளைத் தவிர வேறு எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியாது."

நான் பிடிபடுவதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை நீங்கள் தின்ற விலா எலும்பு அதற்குள் செரித்துவிட்டது போலிருக்கிறது.

கோப்பு ஒரு வருஷம் தூங்கியது. ராணுவம் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்ட பிறகு, ஊழியர் சங்கப் பட்டியலில் என் பெயரைப் பார்த்துவிட்டு அதைத் தூசி தட்டினார்கள். 1974 ஜனவரியில் வேலை போயிற்று. இப்போது ஜனநாயகம் வந்திருக்கிறது. அரசியல் காரணத்தால் நீக்கப்பட்டவர்களைத் திரும்ப எடுக்க ஒரு குழு போட்டிருக்கிறார்கள். அரசியல் காரணம் என்றால் மட்டும்தான், இறைச்சி என்றால் கிடையாது. அப்போது எனக்கு மேலே இருந்தவர் ஒருவர், அது சங்கத்துக்காகத்தான் என்று எழுதித் தர வேண்டும். மற்ற இருவரும் இறந்துவிட்டார்கள். நீங்கள்தான் மிச்சம்.

முதலில் அந்தக் கடிதம் வரட்டும். பிறகு பனிக்கட்டியைப் பற்றிப் பேசலாம்.

வில்சன்


கராகஸ், 20 ஜூலை 1985

வில்சன்,

குழுவுக்கான கடிதம் இத்துடன் இருக்கிறது. நிறுவனத்தின் முத்திரையோடு, இரண்டு பிரதிகள். 'சங்கப் பணிக்காகவே பழிவாங்கப்பட்டார்' என்று எழுதியிருக்கிறேன். இறைச்சி பற்றி ஒரு சொல் இல்லை.

விசாரணையில் நான் சொன்னதற்கு விளக்கம் கேட்பீர்கள். அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. ஒப்பந்த வேலை, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இது விளக்கம்தான், நியாயம் அல்ல.

சுரப்பி விவரங்கள் எனக்கு உண்மையிலேயே தேவை. ஏன் என்று முந்தின கடிதத்தில் முழுவதும் எழுதவில்லை. இதைக் கண்டதில் பெல்ஜியக்காரர்கள் முதல் ஆட்கள் இல்லை. 1978இல் இங்கே என்னிடம் ஒரு மாணவி சேர்ந்தாள். யஹைரா கோல்மெனாரெஸ், பர்கிசிமேத்தோ ஊர்க்காரி. முனைவர் பட்டத்துக்கு நம் தண்டவாள வேலையை மேலே கொண்டுபோகச் சொன்னேன். முதல் படியே அவளுக்கு வரவில்லை. நம்மிடம் சுரப்பியை வைத்துத் தூண்ட ஒரே ஒரு தொட்டிதான் இருந்தது, ஆகவே மருந்து ஒரு நாள், மருந்தில்லாதது இன்னொரு நாள் என்று செய்தோம். அவள் இரண்டு தொட்டி வைத்தாள். ஒரே மாட்டின் இடது சுரப்பியில் மருந்து, வலது சுரப்பியில் வெறும் உப்புக்கரைசல். நம்முடையதைவிட நல்ல முறை. இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. இரண்டாவது தூண்டலுக்கு இரண்டிலும் பதில் இல்லை.

மருந்து கெட்டுவிட்டது என்றேன். புது மருந்து வாங்கினாள். தண்ணீர் சரியில்லை என்றேன். மூன்று முறை வடித்தாள். இரண்டு ஆண்டு கழித்து மதிப்பீட்டுக் குறிப்பில் 'கைச்சுத்தம் போதாது, பதிவுகள் நம்பத்தக்கவையல்ல' என்று எழுதினேன். உதவித்தொகையை நிறுத்தினார்கள். அவள் ஊருக்குப் போய்விட்டாள்.

அவள் பதிவுகளை நேற்று மறுபடி பார்த்தேன். சுத்தமாக இருக்கின்றன.

எல்பியா


செர்ரோ, 25 ஆகஸ்ட் 1985

டாக்டர்,

கடிதம் குழுவிடம் போய்ச் சேர்ந்தது. செயலாளர் படித்துவிட்டு, "இது போதும், அர்பிசா, இதுக்கு மேல பாதிரியார் கிட்ட சான்றிதழா வாங்கப் போறீங்க?" என்றார். நான் வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுகிறவன். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

இன்று சுதந்திர தினம். ஆலைகள் மூடிக் கிடக்கின்றன. இன்றைக்கே எழுத வேண்டும் என்று காத்திருந்தேன்.

உங்கள் நோட்டின் நகலில் 1972 ஆகஸ்ட் 25ஆம் தேதியைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை. ஒரு சோதனை ஓட்டம் இருக்கும், மருந்தில்லாதது. 'சுரப்பியின் மூலம்' என்ற கட்டத்தில் என் கையெழுத்தில் 'ஆலை' என்று இருக்கும். கீழே உங்கள் கையொப்பம். அன்றைக்கும் ஆலை மூடித்தான் கிடந்தது, டாக்டர்.

ஒலெகாரியோவுக்குச் செர்ரோவைத் தாண்டி ஒரு சின்ன நிலம் இருந்தது. தடை வந்த பிறகு வாரம் இரண்டு மாடு அங்கே திருட்டுத்தனமாக வெட்டினான். செவ்வாயும் வெள்ளியும், ஏனென்றால் அந்த இரண்டு நாளும் பாலத்துக் காவல்படையில் எங்கள் தெருப் பையன்கள் இருந்தார்கள். நான் இறைச்சிக்காகப் போனேன். போனவன் அங்கேயே சுரப்பியையும் எடுத்துக்கொண்டேன். எதற்கு ஆலைக்கும் போய் ஒரு மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டும்? மாடு மாடுதானே? ஆலைக்குத் திங்களும் வியாழனும் மட்டும் போனேன். எல்லாவற்றுக்கும் 'ஆலை' என்றே எழுதினேன். வேறு என்ன எழுதுவது? 'திருட்டு வெட்டு' என்றா?

பாலத்தில் நிறுத்துவார்கள்.

"பெட்டியில என்னய்யா?"

"மாட்டோட சிறுநீரகத்து மேல உக்காந்திருக்கிற சுரப்பி, தம்பி. ரத்தமும் கொழுப்புமா இருக்கும். தொட்டுப் பாக்கிறியா?"

"ஐயோ, மூடு மூடு. போ."

ஒலெகாரியோ எப்படி வெட்டுவான் என்று நீங்கள் பார்த்ததில்லை. மாட்டைப் பேர் சொல்லிக் கூப்பிடுவான். கையில் சோளம் வைத்திருப்பான். அது தின்னும்போதே வேலை முடிந்துவிடும், அது தலை தூக்கிப் பார்ப்பதற்குள். ஆலைக்கு வருகிற மாடு வேறு. இரண்டு நாள் ரயிலில் நின்று, தொழுவத்தில் தண்ணீரில்லாமல் ஒரு நாள் நின்று, மின்கோலால் குத்து வாங்கி, முன்னால் போன மாட்டின் ரத்த வாடையில் சறுக்கிச் சறுக்கிச் சரிவேறி வரும். சம்மட்டி விழுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அது செத்த மாதிரிதான்.

அது சுரப்பிக்கு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. நான் பெட்டி தூக்குகிறவன். உங்களுக்குத் தெரியும்.

எந்தக் கிழமையில் எந்த ஓட்டம் செய்தீர்கள் என்பதும் உங்களுக்குத்தான் தெரியும். எனக்கும் நினைவிருக்கிறது, ஆனால் அதை நீங்களே பார்ப்பது நல்லது.

வில்சன்


கராகஸ், 12 செப்டம்பர் 1985

வில்சன்,

பார்த்தேன்.

நாற்பது ஓட்டங்கள். மருந்தில்லாத இருபதும் செவ்வாயும் வெள்ளியும். மருந்து கலந்த இருபதும் திங்களும் வியாழனும். ஒன்றுகூட மாறவில்லை. நாட்காட்டியை எடுத்துவைத்து ஒவ்வொன்றாகக் கிழமை எழுதினேன். பிறகு ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

பயந்த மாட்டின் சுரப்பி பாதி காலியாகத்தான் வரும். சுவரோரம் கொஞ்சம் இருக்கும், முதல் தூண்டலுக்குக் கொடுக்கும். உள்ளே சேமிப்பு தீர்ந்திருக்கும். மருந்து கலந்தாலும் கலக்காவிட்டாலும் இரண்டாவது தூண்டலுக்குக் கொடுக்க அதனிடம் ஒன்றும் இல்லை. தண்டவாளம் இருக்கலாம். நான் அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தது பயந்த மாட்டையும் பயப்படாத மாட்டையும். யஹைராவின் சுரப்பிகள் எல்லாம் கராகஸ் கசாப்புக்கூடத்திலிருந்து வந்தவை. அவள் சரியாகத்தான் செய்தாள்.

கிழமைகள் ஏன் அப்படி விழுந்தன என்பதும் நினைவுக்கு வந்தது. நீங்கள் எழுதாமல் விட்டதற்கு நன்றி சொல்வதா என்று தெரியவில்லை. மருந்து ஓட்டம் மாலை ஆறு வரை இழுக்கும். மருந்தில்லாதது ஒரு மணிக்கு முடியும். அதற்குள் ஆய்வகக் கூரையில் நீங்கள் இறைச்சி சுடக் கரி மூட்டியிருப்பீர்கள். நான்தான் மாடிப்படியில் நின்றுகொண்டு சொன்னேன்: "இன்னைக்கு இறைச்சி நாள், சின்ன ஓட்டமாப் போட்டுக்கலாம். பெருசத் திங்கக்கிழமைக்குத் தள்ளுங்க." எல்லோரும் கைதட்டினார்கள். என் ஆராய்ச்சியின் திட்டம் அதுதான், வில்சன். வேறு எந்தத் திட்டமும் இல்லை.

ஆகஸ்ட் 25 அன்று விடுமுறையிலும் எல்லோரும் வந்தார்கள். அறிவியல் ஆர்வம் என்று துறைத்தலைவர் பாராட்டினார். அவருக்கும் ஒரு தட்டு போயிற்று.

இதழுக்கு எழுதப் போகிறேன். சுரப்பிகள் இரண்டு இடங்களிலிருந்து வந்தன, முடிவு செல்லாது என்று. எங்கிருந்து என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் யாரும் நம்பமாட்டார்கள். உங்களிடம் முதலில் சொல்லிவிட்டுச் செய்யலாம் என்று இருக்கிறேன்.

எல்பியா


செர்ரோ, 30 செப்டம்பர் 1985

டாக்டர்,

கொஞ்சம் பொறுங்கள்.

நீங்கள் அதை அச்சில் போட்டால், குழுவில் யாராவது ஒருவர் படிப்பார். 'திருட்டு வெட்டிலிருந்து சுரப்பி கொண்டுவந்த ஊழியர்' யார் என்று கேட்க வேண்டியதில்லை, ஒருவன்தான் இருந்தான். சங்கத்துக்காக நீக்கப்பட்டவன் இறைச்சிக்காக நீக்கப்பட்டவன் ஆகிவிடுவேன். கோப்பை மூடிவிடுவார்கள். உங்கள் கடிதமும் பொய் என்று ஆகும்.

எனக்கு அறுபத்தொன்று. அந்த வேலை இனி எதற்கு என்று டெல்மா கேட்கிறாள். நான் சொல்கிறேன்: என்னை அந்தக் கட்டடத்தின் முன்கதவு வழியாக இரண்டு போலீஸ்காரர்கள் நடத்திக்கொண்டு போனார்கள். மாணவர்கள் படியில் நின்று பார்த்தார்கள். அதே கதவு வழியாக ஒரு காலை எட்டு மணிக்கு உள்ளே போக வேண்டும். அவ்வளவுதான். ஒரு வாரம் வேலை செய்துவிட்டு ஓய்வு பெறச் சொன்னாலும் சரி.

பிப்ரவரியில் முடிவு சொல்வார்கள். அதுவரை பொறுங்கள். பிறகு நீங்கள் எதை வேண்டுமானாலும் எழுதுங்கள். ஆணை கையில் வந்த பிறகு திரும்ப எடுப்பது கஷ்டம் என்கிறார் வக்கீல்.

பதின்மூன்று வருஷம் பொறுத்த பொய் இன்னும் ஐந்து மாதம் பொறுக்கும். உங்கள் மாணவியை எனக்குத் தெரியாது, அவளுக்காக நான் வருத்தப்பட முடியாது. வருத்தப்பட வேண்டியவர் நீங்கள்.

வில்சன்


கராகஸ், 18 டிசம்பர் 1985

வில்சன்,

பொறுக்கிறேன். அக்டோபரிலேயே எழுதியிருக்க வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதனால்தான் எழுதவில்லை.

போன வாரம் பர்கிசிமேத்தோவுக்குப் பேருந்தில் போனேன். யஹைரா அவள் மாமாவின் டயர் கடையில் கணக்கும் சரக்கும் பார்க்கிறாள். கிறிஸ்துமஸுக்கு வாழையிலைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்கள், வீடு முழுக்க மாவு வாசனை. அவள் அம்மா என்னை யாரென்று தெரியாமல் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். பெயரைச் சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனவர் திரும்பி வரவில்லை.

யஹைரா காபி கொண்டுவந்தாள். மெலிந்துவிட்டாள். நகத்தைக் கடித்துக் கடித்து விரல்நுனி எல்லாம் சிவந்திருந்தது.

"டயர் வாங்க வந்தீங்களா டாக்டர்? உங்களுக்குன்னா தள்ளுபடி உண்டு" என்றாள்.

எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன்.

"தூங்கறதுக்கு மாத்திரை குடுத்திருக்காங்க. மத்தபடி பரவாயில்ல." பிறகு கோப்பையைத் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "டாக்டர், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நான் எங்க தப்புப் பண்ணேன்? அஞ்சு வருஷமா யோசிக்கிறேன். பம்போட ரப்பர் குழாயா இருக்குமோன்னு தோணுது. அந்த ரப்பர்லேருந்து ஏதோ கசிஞ்சு சுரப்பியக் கெடுத்திருக்கும். வேற எதுவும் பாக்கியில்ல, எல்லாத்தையும் பாத்துட்டேன். குழாய் மட்டுந்தான். குழாயா டாக்டர்?"

அவளிடம் சொல்லத்தான் ஐந்து மணி நேரம் போனேன். உங்கள் பிப்ரவரி நினைவுக்கு வந்தது. என் தேர்வுக் குழுவும் நினைவுக்கு வந்தது.

"எனக்குத் தெரியல" என்றேன்.

வாசல்வரை வந்து வழியனுப்பினாள். ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள், வழியில் சாப்பிட. பேருந்து நிலையத்தில் ஒரு பெஞ்சில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

எல்பியா


செர்ரோ, 9 மார்ச் 1986

எல்பியா,

பிப்ரவரி 26இல் ஆணை வந்தது. மார்ச் 3, திங்கட்கிழமை, காலை எட்டு மணிக்கு முன்கதவு வழியாக உள்ளே போனேன். டெல்மா தைத்துக் கொடுத்த புதுச் சட்டை. வாசலில் நின்ற காவலாளி, "பார்வையாளர் அட்டை எங்க, தாத்தா?" என்றான். "நான் பார்வையாளன் இல்ல, தாமதமா வந்த ஊழியன்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. அதனால் என்ன.

நம் தளத்தில் ஒன்றும் மாறவில்லை. தொட்டி அங்கேயே இருக்கிறது. ஒரு மூலையில் விரிசல், மற்றபடி நல்லது. கூரையில் கரி மூட்டிய இடம் இன்னும் கறுப்பாக இருக்கிறது. மாத்தேத் தேநீர் குடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கே நின்றேன்.

டிசம்பரில் நீங்கள் எழுதிய கடிதத்தை நான் இரண்டு முறை படித்தேன். பதில் எழுத வேண்டாம் என்று இருந்தேன். இப்போது கேட்கிறேன்: இதழுக்கு அனுப்பிவிட்டீர்களா?

வில்சன்


கராகஸ், 22 ஏப்ரல் 1986

அன்புள்ள வில்சன்,

உங்கள் செய்தி எனக்குத் தந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. நானும் ஒரு செய்தி சொல்ல வேண்டும்: பதவி எனக்குக் கிடைத்திருக்கிறது. ஆகஸ்டில் பொறுப்பேற்க வேண்டும். மறுபடியும் ஒரே தளத்தில் வேலை செய்வோம்.

இதழுக்கான கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் வெறும் நாட்காட்டியை வைத்து ஒரு முடிவைத் திரும்பப் பெறுவது அரைகுறை வேலை. நான் அங்கே வந்த பிறகு, இரண்டு வகைச் சுரப்பியிலும் முறையாகச் செய்து பார்த்து, எண்களோடு வெளியிடுவதுதான் அறிவியலுக்கு நல்லது. ஒரு ஆண்டு பிடிக்கும். அதில் உங்கள் பெயரும் இருக்கும், இந்த முறை கட்டாயம். யஹைராவுக்கும் அப்போது, எல்லாம் உறுதியான பிறகு, எழுதுவேன். அரைகுறையாகச் சொல்லி அவளை மேலும் குழப்ப விரும்பவில்லை.

இந்த ஏற்பாடு உங்களுக்கும் பாதுகாப்பு என்று நினைக்கிறேன்.

எல்பியா


செர்ரோ, 6 ஜூலை 1986

எல்பியா,

ஒரு ஆண்டு பிடிக்கவில்லை. நாலு வாரம் பிடித்தது.

தொட்டியின் விரிசலை ஒட்டினேன். கிடங்கில் இன்னொரு தொட்டி கிடந்தது, அதையும் எடுத்தேன். உங்கள் மாணவி செய்த மாதிரி: ஒரே மாட்டின் இடது ஒன்றில், வலது மற்றொன்றில். பன்னிரண்டு மாடு ஆலையிலிருந்து. பன்னிரண்டு மாடு ஒலெகாரியோவின் மகனிடமிருந்து. இப்போது தடை இல்லை, யாரும் பெட்டியைத் திறக்கச் சொல்லவில்லை. திறந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. 'சுரப்பியின் மூலம்' கட்டத்தில் ஒவ்வொன்றிலும் உள்ளதை எழுதினேன்.

ஆலை மாடு: மருந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டாவது தூண்டலுக்குப் பதில் இல்லை. நிலத்து மாடு: மருந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் பதில் உண்டு. மருந்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நோட்டின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். உங்களுக்கு அது தேவைப்படாது.

இன்னொரு நகலை டயர் கடை முகவரி தேடிப் பிடித்து உங்கள் மாணவிக்கு அனுப்பினேன். 1972இல் நான் என்ன எழுதினேன், ஏன் எழுதினேன் என்றும் ஒரு பக்கம் எழுதினேன். செவ்வாய், வெள்ளி, கூரை, எல்லாம். நீங்கள் அவளிடம் சொன்ன வார்த்தையை நான் உங்கள் வாயிலிருந்து முன்னமே ஒருமுறை கேட்டிருக்கிறேன். என்னிடம் தட்டச்சு நகல் இருக்கிறது. அப்போது அது ஒரு பெட்டி தூக்குகிறவனைப் பற்றியது. அதை மன்னித்துவிடலாம் என்றுகூட நினைத்திருந்தேன். அந்தப் பெண் கேட்டது ஒரு குழாயைப் பற்றி. அதற்கு 'இல்லை' என்று ஒரு சொல் போதும். என் பெயரோ உங்கள் பதவியோ அதில் வந்திருக்காது.

என்னை ஒரு காரணமாக வைத்துக்கொண்டு நீங்கள் பொறுத்தீர்கள். என் பிப்ரவரி முடிந்தது. பிறகும் பொறுத்தீர்கள். ஆகவே காரணத்தை எடுத்துவிட்டேன். அதே நோட்டைத் துறை முதல்வரிடமும் கொடுத்தேன், விசாரணைக் கோப்பின் உண்மைக் கதையோடு.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அர்பிசா, உங்களுக்கு என்ன பைத்தியமா? ஆணை வந்து நாலு மாசம்கூட ஆகல. இத நான் பாத்ததா ஆயிட்டா என்ன பண்ணணும்னு தெரியுமா?"

"தெரியும் சார். பாத்ததா ஆகட்டும்."

"அந்த அம்மா ஆகஸ்ட்ல வராங்க. அவங்களே சொல்லட்டுமே."

"அவங்க சொல்ற ஆள் இல்ல சார்."

வியாழக்கிழமை ஆணையை ரத்து செய்து கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமையோடு வேலை முடிந்தது. முன்கதவு வழியாகத்தான் வெளியே வந்தேன், யாரும் கூட நடக்கவில்லை.

யஹைராவிடமிருந்து பதில் வந்தது. நாலு வரி. அப்படியே எழுதுகிறேன்: 'திரு. அர்பிசா, எண்களைப் பார்த்தேன். குழாய் இல்லை என்று தெரிந்துகொண்டேன். நன்றி. எனக்கு இனி யாரும் எழுத வேண்டாம், டாக்டரும் எழுத வேண்டாம்.'

நான் அவள் பேச்சை மதிக்கிறேன். உங்களுக்கும் நான் எழுதுவது இது கடைசி.

வில்சன் அர்பிசா


கராகஸ், 14 நவம்பர் 1986

வில்சன்,

படிக்காமல் வைத்துவிடலாம் நீங்கள். ஆனாலும் ஒரு பிரதி உங்களிடம் இருக்க வேண்டும்.

பதவியை அவர்கள் திரும்பப் பெற்றார்கள். மலையிலும் என் ஆய்வகத்தை மூடிவிட்டார்கள். நகரத்தில் செவிலியர் பள்ளியில் முதலாண்டுக்கு உடலியல் சொல்லிக்கொடுக்கிறேன். அட்ரினல் சுரப்பி ஒரு வகுப்பு, நாற்பது நிமிடம்.

1980 மதிப்பீட்டுக் குறிப்பைத் திரும்பப் பெறுவதாக நிறுவனத்துக்கு எழுதினேன். மாணவர் கோப்புகள் ஐந்து ஆண்டுக்கு மேல் வைப்பதில்லை, அழித்தாயிற்று, திருத்துவதற்கு ஒன்றுமில்லை என்று பதில் வந்தது.

இதழில் திருத்தம் இந்த மாதம் வந்திருக்கிறது. பின்பக்கத்தில், விளம்பரத்துக்கு மேலே. கிழமைகள் இருக்கின்றன. இரண்டு இடங்களும் இருக்கின்றன. 'இதே முடிவை ய. கோல்மெனாரெஸ் 1979இலேயே சரியான முறையில் கண்டார். கட்டுரையாளர் அதை ஏற்க மறுத்தார்' என்று இருக்கிறது. 'சுரப்பிகளைச் சேகரித்தவர், பின்னர் இச்சோதனையைத் தனியாகச் செய்து பிழையைக் கண்டறிந்தவர் வில்சன் அர்பிசா' என்று இருக்கிறது.

இன்னொரு வாக்கியமும் எழுதியிருந்தேன். ஓட்டங்கள் அந்தக் கிழமைகளில் விழுந்ததற்குக் காரணம், ஆய்வகத்தில் எல்லோரும் அன்று கூரையில் இறைச்சி சுட்டுச் சாப்பிட்டதும், நாளை முடிவு செய்தது நானே என்பதும், பெட்டியின் அடித்தட்டில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும் என்பதும்.

இதழின் ஆசிரியர் அந்த ஒரு வாக்கியத்தை வெட்டிவிட்டார். ஆராய்ச்சிக்குத் தொடர்பில்லாதது என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்.

எல்பியா